சக்கரத்தில் ஒரு கிலோ

நம் முசிறியில் கோரைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டிகள் சென்ற காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அவற்றில் ஏறிச் சென்றவர்கள் ஒன்றை மறக்கமாட்டார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டியே இறங்கும். கல்லின்மேல் ஏறினால் அந்த அடி முதுகெலும்பு வரை வந்து சேரும். இன்று குளித்தலைப் பாலத்தை நோக்கிச் செல்லும் பேருந்து அதே போன்ற பள்ளத்தில் இறங்கும்போது, நம் உடல் சற்று அசைவதோடு சரி. காரணம் என்ன? வண்டியின் இருசுக்கும் பாரத்துக்கும் நடுவே வில் இல்லை. பேருந்தில் வில் இருக்கிறது.

இந்த எளிய வேறுபாடுதான் பந்தயக் கார் வடிவமைப்பில் ஒரு பெரிய கேள்வியாக வளர்ந்து நிற்கிறது. ஒரு காரில் பத்துக் கிலோவைக் குறைக்க வேண்டுமென்றால் அதை எங்கே குறைப்பது? இருக்கையிலா, கதவிலா, சக்கரத்திலா?

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே ஒரு பந்தயத் தளம் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் இஞ்சினைக் கொண்டே ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அவர் 1995-இல் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தனை சிறிய இஞ்சினைப் பூட்டிய காரில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் எல்லாக் கிலோவும் ஒரே கிலோ அன்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வில்லின் மேலும் கீழும்

காரின் உடற்கூடு, இஞ்சின், ஓட்டுநர், பெட்ரோல் ஆகிய யாவும் சுருள்வில்களின் மேல் அமர்ந்திருக்கின்றன. இவற்றை ‘வில்லின்மேல் எடை’ எனலாம். டயர், சக்கரம், அதன் குடம், பிரேக் தட்டு, அதைப் பற்றும் கவ்வி ஆகியவை பெரும்பாலான கார்களில் வில்லுக்குக் கீழே இருக்கின்றன. இவை ‘வில்லின்கீழ் எடை’.

இப்பொழுது நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவுகூர்வோம். ஒரு சக்கரத்தை அதன் வில் 3000 நியூட்டன் விசையோடு தரையை நோக்கி அழுத்துகிறது என்று கொள்வோம். ஓடும் பாதை திடீரென்று தாழ்கிறது. சக்கரத் தொகுதியின் நிறை 40 கிலோவானால், வில் அதற்குத் தரும் முடுக்கம் வினாடிக்கு வினாடி 75 மீட்டர். நிறை 30 கிலோவானால் அம்முடுக்கம் 100 மீட்டர். இலேசான சக்கரம் தாழ்ந்த தரையை விரைவில் தேடிப் பிடிக்கிறது. கனமான சக்கரம் அந்தரத்தில் சற்றுக் கூடுதலாக நிற்கிறது. அந்தரத்தில் நிற்கும் டயரால் காரைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, உந்தவும் முடியாது.

மேடு வந்தாலும் இதே கதைதான். மேல்நோக்கி எறியப்பட்ட கனமான சக்கரத்தை அடக்கி மீட்க வில் அதிகம் போராட வேண்டியிருக்கிறது. அதனால் டயர் தரையை ஒரு கணம் மிக அழுத்தியும், மறுகணம் அழுத்தாமலும் ஓடுகிறது. டயரின் மீதுள்ள பாரம் இருமடங்கானால் அதன் பிடிமானம் இருமடங்குக்குக் குறைவாகவே உயர்கிறது. ஆகவே, கூடியும் குறைந்தும் வரும் அழுத்தத்தில் சராசரிப் பிடிமானம் நட்டப்படுகிறது. வளைவில் கார் வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுழலும் எடை

சக்கரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது முன்னேறுவதோடு சுழலவும் செய்கிறது. இருக்கையிலுள்ள ஒரு கிலோவுக்கு முன்னேறும் ஆற்றலை மட்டும் தந்தால் போதும். டயரின் வெளி விளிம்பிலுள்ள ஒரு கிலோவுக்கு அதே அளவு சுழல் ஆற்றலையும் சேர்த்துத் தரவேண்டும். எனவே வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அது ஏறத்தாழ இரண்டு கிலோவாக நடந்துகொள்கிறது. டயர் ஒன்றுக்கு 2 கிலோ வீதம் நான்கிலும் விளிம்பருகே குறைத்தால், தராசு 8 கிலோ என்று காட்டும். இஞ்சினோ ஏறக்குறைய 16 கிலோ குறைந்ததாக உணரும்.

ஐயமிருந்தால் நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே நிறையும் ஒரே ஆரமும் கொண்ட ஒரு வளையத்தையும் ஒரு திண்மத் தட்டையும் சாய்வான பலகையில் ஒருசேர உருளவிடுங்கள். தட்டே முந்தும். வளையத்தின் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால் அதன் நிலைமத் திருப்புத்திறன் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘அலாய்’ சக்கரம் என்றாலே இலேசு என்று பலர் நம்புகிறார்கள். எஃகின் அடர்த்தி ஏறக்குறைய 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்பது உண்மையே. ஆனால் அழகுக்காக விட்டம் பெரிதான சக்கரத்தைப் பூட்டினால், உலோகமும் கூடலாம். அது மையத்தைவிட்டு வெளியேயும் நகர்கிறது. வாங்குமுன் தராசில் வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

குறைக்கக் கூடாத இடம்

இலேசு நல்லதென்றால் பிரேக் தட்டையும் மெலிதாக்கலாமே என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 1000 கிலோ காரை மணிக்கு 144 கிலோமீட்டரிலிருந்து 72-க்கு இறக்கினால் 6 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அதில் 70 விழுக்காடு முன்சக்கரங்களின் இரு தட்டுகளிலும் வெப்பமாக இறங்குகிறது என்று கொள்வோம். தட்டு ஒவ்வொன்றும் 5 கிலோ இரும்பானால், ஒரே அழுத்தலில் வெப்பநிலை சுமார் 91 டிகிரி செல்சியஸ் உயரும். 4 கிலோவானால் 114 டிகிரி உயரும். பந்தயத் தளத்திலோ ஒரு சுற்றிலேயே பல வளைவுகள், ஆற அவகாசமில்லை. ஆகவே தேர்ந்த வடிவமைப்பாளர்கள் உராயும் வளையத்தைத் தடிமனாகவே விட்டுவிட்டு, அதைக் குடத்தோடு இணைக்கும் நடுப்பகுதியை மட்டும் அலுமினியத்தால் செய்கிறார்கள்.

வரலாறும் ஒரு பாடத்தைச் சொல்கிறது. 1970-இல் வந்த லோட்டஸ் 72 பந்தயக் காரில், வில்லின்கீழ் எடையைக் குறைக்கவென்று முன் பிரேக்குகளைச் சக்கரத்திலிருந்து அகற்றி உடற்கூட்டில் பொருத்தினார்கள். பிரேக்கையும் சக்கரத்தையும் ஓர் அச்சு இணைத்தது. அருமையான யோசனை, அந்தக் கார் பல வெற்றிகளைக் கண்டது. ஆனால் அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று இத்தாலியின் மோன்சா தளத்தில், பந்தயத்துக்கு முந்திய பயிற்சி ஓட்டத்தில், அக்காரை ஓட்டிய யோகன் ரிண்ட் உயிரிழந்தார். முன் பிரேக் அச்சு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்பது விசாரணையின் முடிவு. அவர் அதற்குள் ஈட்டியிருந்த புள்ளிகளை எவரும் எட்டவில்லை. ஆதலால் மறைவுக்குப் பின் அவ்வாண்டின் உலக வாகையர் பட்டம் அவருக்கே வழங்கப்பட்டது. பட்டத்தைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

எடையைக் குறைப்பது எளிது. வலிமை குறையாமல் குறைப்பதே பொறியியல். நம் ஊர்த் தச்சர்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களை வேண்டிய அளவுக்கு இழைத்து இலேசாக்குவார்கள். கடையாணியில் மட்டும் கைவைக்கமாட்டார்கள். வினைத்திட்பத்தைப் பற்றிப் பேசிய வள்ளுவரும், பெருந்தேரைக் காத்து நிற்கும் சிறிய அச்சாணியையே உவமையாக எடுத்துக்கொண்டார். சக்கரத்தில் ஒரு கிலோவைக் குறைக்க விரும்புவோர், எந்தக் கிலோ என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.