பத்தடி அறையில் ஒரு குசினி

ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் சந்நிதிக்குப் போயிருக்கிறீர்களா? வேப்பஞ்சேலைப் பிரார்த்தனைக்கு வரும் குடும்பங்கள் மூன்று கல் கூட்டிப் பொங்கலிட்டு, ராத்தங்கிப் போவார்கள். அந்த ஒரு ராத்திரிக்கே அடுப்பு எங்கே, படுக்கை எங்கே என்று பெண்கள் இடம் பிரித்துவிடுவார்கள். நம் கை அப்படிப் பழகியது!

அதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில், 'தற்காலிகம்' என்று பிரித்துக்கொண்ட இடத்திலேயே பல்லாண்டுகளாகக் குடித்தனம் செய்கிறவர்கள் உண்டு. இலங்கைத் தமிழர் முகாமைத்தான் சொல்கிறேன். 1983 கலவரத்துக்குப் பின் அலை அலையாக வந்தவர்களுக்குத் தமிழக முகாம்களில் கிடைத்தது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி அறை. சமையல், படுக்கை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதற்குள்ளேதான். வயசுப்பெண் உடை மாற்ற ஒரு புடைவைத் திரை.

யாழ்ப்பாணத்து வீடு எப்படி இருக்கும் தெரியுமோ? வீட்டைவிட வளவு பெரிது. கதியால் நட்டுக் கிடுகு கட்டிய வேலி, கிணற்றடியில் வாழை, புகை உள்ளே வராதபடி ஒதுங்கி நிற்கும் குசினி. வசதியுள்ளவர்கள் நடுவில் முற்றம் விட்டு நாற்சார் வீடு கட்டுவார்கள்.

இங்கே வளவுக்கு எங்கே போவது? ஆனாலும் மனசு விடுகிறதா! வாசலில் நாலடி கிடைத்தால் போதும், ஓலையோ தகரமோ இறக்கி அடுப்பை வெளியே கொண்டுவந்து விடுகிறார்கள். புகையிலிருந்து பிள்ளைகளின் நெஞ்சைக் காப்பாற்றவும் அதுதான் வழி. அந்த நாலடிக்குப் பேரும் குசினிதான். (அந்தச் சொல்லே போர்த்துக்கீசியர் இலங்கையில் விட்டுப்போனது!) தேங்காய் துருவத் திருவலை, புட்டுக்குழல், இடியாப்பத் தட்டு, வறுத்து இடித்த கறித்தூள். நம்ம சாம்பார்ப் பொடி பக்கத்தில்கூட வராது.

சிப்காட் ஆலைகளுக்கு வரும் ஒடிசா, பீகார்த் தொழிலாளிகளின் வாடகை அறையும் சின்னதுதான். ஆனால் அவர்கள் சம்பாதிப்பது ஊரிலே வீடு எழுப்ப. அகதிக்கு அந்த 'ஊரிலே' என்பதுதான் சந்தேகம். முகாம் ஆண்களில் பலருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. அடுத்தவர் பங்களாவை மினுக்குகிற கை, சொந்த அறைக்கு ஒரு டப்பா வாங்க யோசிக்கும். இடம் அரசாங்கத்தது, பட்டா கிடையாது. திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று தீராதபோது சுவருக்குக் காசு கொட்ட முடியுமா? 2019-ஆம் வருஷக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேரவில்லை.

2021-ல் தமிழக அரசு 317 கோடியே 40 லட்ச ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மாநிலத்து முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பேரும் அப்போதே 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. நல்ல காரியம். ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. வீட்டுப் படம் வரைகிறபோது அங்குள்ள பெண்களைக் கூப்பிட்டு, குசினி எந்தப் பக்கம், புகை எந்தப் பக்கம், பெண்பிள்ளைகள் குளிக்க மறைவு எங்கே என்று விசாரிக்கக் கூடாதோ? ஒரு முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இடம் விட்டால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.