பதின்மூன்றா, தேர்ட்டீனா?

42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போவது அநியாயம். 2-இலிருந்து 7 போகாது என்று கண்ட பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. பக்கத்தில் 4-இலிருந்து 1-ஐக் கழித்திருக்கிறது. அதன் கண்ணுக்கு அவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். அந்த 4 நான்கு பத்து என்று தெரிந்திருந்தால், ஒரு பத்தை உடைத்து முப்பதும் பன்னிரண்டுமாக வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே கழித்தலை மறுபடி நடத்திப் பயனில்லை, இடமதிப்புக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே எந்த மொழியில் எண்ணுகிறோம் என்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம்.

ஆந்திர எல்லையூரான சூளூர்பேட்டையில் ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் பதின்மூன்று, தெருவில் பதமூடு, ஆங்கில வழி வகுப்பில் தேர்ட்டீன். முதல் இரண்டிலும் பத்து முன்னால் நிற்கிறது. 13 என்று எழுதும் வரிசையும் அதுவே. தேர்ட்டீனில் மூன்று முந்திக்கொள்கிறது. காதில் விழுந்தபடி எழுதினால் 31 ஆகிவிடும். லெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்தின் தடமே தெரியாது. ஃபார்ட்டி டூ பரவாயில்லை, சிக்கல் இருபதுக்குள்தான். ஆனால் பிள்ளை எண்ணத் தொடங்குவதே அங்கேதானே. தமிழும் சில இடங்களில் காலை வாரும்: தொண்ணூறுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். அங்கே தெலுங்கின் தொம்மிதி வந்தலு, அதாவது ஒன்பது நூறு, இன்னும் நேரானது. எல்லையூர்ப் பிள்ளைக்கு இரண்டும் கைவசம் இருப்பது லாபம்.

எண்ணும் மொழி இடமதிப்பைப் பாதிக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா? ஐரீன் மியூராவும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் பத்தைக் குறிக்கும் பத்துக் கட்டைகளையும் ஒற்றைக் கட்டைகளையும் கொடுத்து ஓர் எண்ணைக் காட்டச் சொன்னார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒற்றைக் கட்டைகளையே எண்ணி அடுக்கினார்கள். பதினொன்றைப் ‘பத்து ஒன்று’ என்றே சொல்லும் சீன, ஜப்பானிய, கொரியப் பிள்ளைகளின் கை பத்துக் கட்டைகளுக்குப் போனது. அது வீட்டு வளர்ப்பாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். அதனால்தான் வேல்ஸ் முக்கியமாகிறது. அங்கே ஒரே நாட்டில், ஒரே மாதிரிப் பாடத்திட்டத்தில், எண்பெயர்களில் பத்து வெளிப்படையாகத் தெரியும் வெல்ஷ் வழியில் படித்த பிள்ளைகள் இரண்டிலக்க எண்களைப் படிப்பதிலும் ஒப்பிடுவதிலும் ஆங்கில வழிப் பிள்ளைகளைவிடத் தேறியிருந்ததை ஆன் டவுக்கர் குழு 2008-இல் காட்டியது. கணக்கு முழுவதிலும் மேல் என்று அவர்கள் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் 2024 கணக்கெடுப்பில், கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்பில் கழித்தல் செய்ய முடிந்தவர்கள் 33.7 விழுக்காடுதான். சொல் தானாகப் பாடம் நடத்தாது என்பதே என் பதில். ஒன்று முதல் நூறு வரை ராகம் போட்டு ஒப்பிக்கும் வகுப்பில் பதின்மூன்றும் வெறும் ஓசைதான். அதைப் பிரித்துக் காட்ட ஆசிரியர் வேண்டும். பெற்றோர் ஆங்கிலம் கேட்கிறார்களே என்பார்கள். கேட்கட்டும், வேலைவாய்ப்பு அங்கே இருக்கிறது. எண்ணுவது தமிழிலோ தெலுங்கிலோ முதலில் கைக்கு வந்தால், தேர்ட்டீன் அதற்கு இன்னொரு பெயர், அவ்வளவே. ஆந்திர அரசின் பாடநூல்களில் 2020–21 முதல் ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்கும் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தை ஆங்கிலம் புரியாதவர்களுக்கான சலுகையாக நினைக்காமல், கணக்கு வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.

செலவு என்ன? 42 குச்சிகள், நான்கு ரப்பர் பேண்டுகள். நான்கு கட்டு, இரண்டு உதிரி. பதினேழை எடு என்றால் ஏழுக்கு உதிரி போதாது. பிள்ளையே ஒரு கட்டை அவிழ்க்கும். ‘கடன் வாங்கு’ என்ற சொல் அங்கே தேவைப்படுவதே இல்லை. கணக்கு வகுப்பில் வாங்கும் அந்தக் கடனை யாரும் திருப்பித் தந்ததும் இல்லை.

(அடுத்த வாரம்: வாய்ப்பாடு)