பெயர் சொன்னால் போதும், ஃபோன் நம்பிவிடும்

பழகிய வைஃபையைக் கண்டதும் தானாகவே இணைந்துகொள்கிறது செல்ஃபோன். மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மாட்டுங்கா லேபர் கேம்பில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டின் தாளிப்பு மணம் நாலு வீடு தாண்டிப் போவதுபோல, வைஃபை அலைகளும் போகின்றன. சந்து முனையில் நின்று செல்ஃபோனைத் திறந்தால் வைஃபை பெயர்கள் வரிசைகட்டும். அவற்றில் ஏதோ ஒன்றுடன் என்றைக்கோ இணைந்திருந்தால் போதும். அடுத்த முறை ஃபோன் யாரையும் கேட்பதில்லை. பையில் இருந்தபடியே இணைந்துகொள்கிறது.

வைஃபையால் வரும் வம்பு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்னதாக 'இந்தியன் முஜாஹிதீன்' பெயரில் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 23 அன்று வந்த அடுத்த மின்னஞ்சலின் தடம், லேபர் கேம்பிலிருந்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள மாட்டுங்கா கால்சா கல்லூரியில் போய் முடிந்தது. செப்டம்பர் 13 அன்று தில்லி குண்டுவெடிப்புகளின்போது வந்த மின்னஞ்சல் செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் இணைப்பிலிருந்து போயிருந்தது. இணைப்பு ஒருவருடையது, கைவரிசை வேறொருவருடையது. 2009 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு பிறப்பித்தது.

அன்று அந்நியர்கள் நம் வைஃபைக்குள் நுழைந்தார்கள். இன்று நம் ஃபோனே அந்நியர்களின் வைஃபைக்குள் நுழைகிறது.

காரணம் எளிது. ஒரு வைஃபையை ஃபோன் அடையாளம் காண்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்களால்: அதன் பெயர், அதன் பூட்டு. கடவுச்சொல் உள்ள வைஃபை என்றால், அந்தச் சொல் தனக்குத் தெரியும் என்று எதிர்த்தரப்பும் நிரூபித்தாக வேண்டும். கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபை என்றால் மிஞ்சுவது பெயர் மட்டுமே. அதே பெயரை யார் வேண்டுமானாலும் தன் கருவிக்குச் சூட்டலாம். அதற்குப் பதிவும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். அசலைவிடப் போலியின் அலை வலுவாக இருந்தால் ஃபோன் அதன் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். பழைய ஃபோன்கள் இன்னும் மோசம். தாங்கள் முன்பு இணைந்த வைஃபைகளின் பெயர்களைச் சொல்லிக் கூவி அழைக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. கூப்பிட்ட பெயருக்கெல்லாம் "நான்தான் அது" என்று பதில் தரும் தாக்குதல் முறையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் ரயில் நிலையம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில்டெல்லின் இலவச வைஃபை, இன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கான நிலையங்களில் கிடைக்கிறது. எங்கும் 'ரயில்வயர்' என்ற ஒரே பெயர். தாதரில் ஒருமுறை இணைந்த ஃபோன் திருநெல்வேலியில் இறங்கியதும் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளும். பயணிக்கு அது சௌகரியம். ஆனால் நடைமேடையில் அதே பெயருடன் ஒருவன் கருவியோடு உட்கார்ந்திருந்தாலும், ஃபோனுக்கு வித்தியாசம் தெரியாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆஸ்திரேலியாவில் பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானங்களுக்குள்ளும் போலி வைஃபை நடத்தியதாக ஒருவர் மீது அந்நாட்டுக் காவல் துறை 2024இல் வழக்குத் தொடர்ந்தது. இணைந்தவர்களுக்கு ஒரு போலிப் பக்கம் காட்டப்பட்டது. மின்னஞ்சல் அல்லது சமூக வலைத்தளக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது அந்தப் பக்கம். 2025இல் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கும் அதிகமான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

போலி வைஃபையில் சிக்கினால் வங்கிப் பணம் அந்த நிமிடமே பறிபோய்விடும் என்று நினைக்க வேண்டியதில்லை. வங்கிச் செயலிகளும் பெரும்பாலான இணையதளங்களும் தகவலைச் சங்கேதமாக்கியே அனுப்புகின்றன. இடையில் இருப்பவனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்க்க முடியும், உள்ளே உள்ளதைப் படிப்பது கடினம். எனவே அவன் வேறு வழியில் வருகிறான்: நீங்களே கடவுச்சொல்லைத் தட்டித் தரும்படி ஒரு போலிப் பக்கத்தை நீட்டுகிறான். மின்னஞ்சல் கைமாறினால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிடலாம். சம்பளம், ஆதார், ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே ஃபோனில் இருக்கும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பல்ல.

பூட்டு இருந்தாலும் நிம்மதி இல்லாத இடங்கள் உண்டு. கடைச் சுவரில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்தால், அதைப் படித்த எவனும் அதே பெயர், அதே சொல்லுடன் ஓர் இரட்டையை உருவாக்கிவிடலாம்.

இலவச வைஃபையே வேண்டாம் என்று சொல்வது எளிது. டேட்டா தீர்ந்துபோன மாணவரிடம் அது எடுபடாது. ஆகவே செய்யக்கூடியதைச் செய்யலாம். ஃபோனின் வைஃபை அமைப்புக்குள் போய், சேமித்து வைத்த பெயர்களைப் பாருங்கள். ரயில் நிலையம், ஹோட்டல், பழைய வேலையிடம் என்று இனித் தேவைப்படாதவற்றை நீக்குங்கள். வைத்துக்கொள்ளும் பொது வைஃபைகளுக்குத் 'தானாக இணை' என்பதை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் அதற்கு வசதி இருக்கிறது. வெளியே கிளம்பும்போது வைஃபையை அணைப்பது இன்னும் நல்லது. பணம் அனுப்பும் நேரத்தில் மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். இலவச வைஃபைக்குள் நுழைய மின்னஞ்சல் கடவுச்சொல்லோ வங்கி விவரமோ யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தை மூடுங்கள். ஓடிபி வந்தால், அது எதற்காக வந்தது என்பதை முழுதும் படித்த பிறகே எண்ணைத் தட்டுங்கள்.

அதையும் மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் தகவல் போகிறதோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.