குமரியில் ஒரு கிலோ

நெல்லைக் கோட்டையாலும் மரக்காலாலும் அளந்துவந்த நாஞ்சில் நாட்டில் புவியீர்ப்பைப் பற்றி எவரும் கவலைகொள்ள வேண்டியிருக்கவில்லை. மரக்காலின் கொள்ளளவு எந்த ஊரிலும் மாறாது. துலாக்கோலும் அத்தகையதே. ஒரு தட்டில் சரக்கும் மறுதட்டில் எடைக்கல்லும் இருப்பதால், ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் ஒருசேரக் குறையும், கோல் சாயாது.

இன்று ரப்பர் தாளும் முந்திரியும் மணவாளக்குறிச்சியின் கனிம மணலும் மின்னணுத் தராசுகளில் ஏறுகின்றன. இவற்றின் அடியிலுள்ள சுமையுணரி, பொருள் கீழ்நோக்கி அழுத்தும் விசையை உணர்ந்து அதைக் கிலோகிராமாக மாற்றிக் காட்டுகிறது. பொருளின் நிறை எங்கும் ஒன்றே. அவ்விசையோ இடத்துக்கு இடம் மாறும். புவி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் சற்றே புடைத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது. குமரிமுனை அக்கோட்டிலிருந்து 8 பாகையே வடக்கில் உள்ளது. இங்குப் புவியீர்ப்பு முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 9.78 மீட்டர், தில்லியில் 9.79.

வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு. காய்கறிக் கடைக்கு இது பொருட்டன்று. ஆனால் தில்லியில் சரிசெய்த எடைமேடையை அப்படியே நாகர்கோவிலில் நிறுவினால், 30 டன் சரக்கு ஏறத்தாழ 30 கிலோ குறைவாகத் தெரியும். எவரும் ஏமாற்றாமலே, கருவி பழுதாகாமலே, விற்பவர் ஒவ்வொரு சுமைக்கும் இழந்துகொண்டிருப்பார். ஜெர்மனியில் சரிசெய்த கருவியாயின் இழப்பு மும்மடங்கு.

இவ்வேறுபாட்டை முதலில் காட்டிக்கொடுத்தது கடிகாரம். 1672-இல் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்குச் சென்ற வானியலாளர் ழான் ரிஷேயின் ஊசற்கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. இந்திய நில அளவைத் துறையின் பசேவி, 1865 முதல் ஊசல்களைச் சுமந்து குமரியின் அண்மையிலிருந்து இமயம்வரை ஈர்ப்பை அளந்தார். 1871-இல் லடாக்கின் உயர்வெளியில் அப்பணியிலேயே உயிர்நீத்தார்.

அத்துணை அரும்பாடு தராசுக்குத் தேவையில்லை. தராசை நிறுவிய இடத்திலேயே நியம எடைக்கற்களை ஏற்றி, அவற்றின் நிறையையே அது காட்டுமாறு திருத்தினால் போதும். அக்கற்களின் நிறை, தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் காக்கப்படும் கிலோகிராமோடு படிப்படியாக ஒப்பிட்டு உறுதிசெய்யப்பட்டது. குமரிக்கு வந்ததால் அது குறைவதில்லை. ஆதலால் உள்ளூர் ஈர்ப்பின் மதிப்பை அறியாதவரும் இத்திருத்தத்தைச் செம்மையாகச் செய்யலாம்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை இட வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள். நிறுவிய இடத்தில் முத்திரையிட்ட கருவியைப் பிரித்து மீண்டும் நிறுவினால், முத்திரைக் காலம் முடியாதிருப்பினும், பயன்படுத்துமுன் மறுபடி சரிபார்த்தாக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து தோவாளைக்கு மாற்றினால் ஈர்ப்பில் வேறுபாடு இல்லை என்றே சொல்லிவிடலாம்; விதி அதற்கும் விலக்கு அளிப்பதில்லை.