வாயில்லா உயிர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி

சாமராஜநகர் மாவட்டம் 1997ஆம் ஆண்டு மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. தமிழ்நாட்டின் ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் இதன் எல்லையில் உள்ளன. காடும் வயலும் சூழ்ந்த இம்மாவட்டத்துச் சிற்றூர்களில், வேலி தாண்டி ஓடும் வீட்டு நாய்க்கு முள் குத்துவதும் உண்ணி ஒட்டுவதும் இயல்பே. கால்நடை மருத்துவமனை தொலைவில் இருப்பின், அங்குச் சென்று சேரும்வரை அதனைக் காப்பது வீட்டாரின் கடமையாகும். அதற்கு உதவுவது முதலுதவிப் பெட்டி.

பெட்டியில் தூய பஞ்சு, வலைத்துணி, கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, கையுறை, மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல், இடுக்கி, வெப்பமானி, பழைய துண்டு ஆகியன இருத்தல் வேண்டும். தடுப்பூசி அட்டையும் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் உடன் இருக்கட்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் 1962.

இரத்தம் கசிந்தால் வலைத்துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்துச் சில நிமிடங்கள் விடாமல் அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் மீண்டும் பெருகும். உண்ணியை நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும். நமக்குக் காய்ச்சலாகத் தோன்றும் அளவு அதற்கு இயல்பானது.

பெட்டியில் வைக்கக் கூடாதவையும் உண்டு. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கும். நாய்க்கும் மருத்துவர் சொல்லாமல் எம்மருந்தும் தரலாகாது.

வலியால் துடிக்கும் விலங்கு, வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே சிறுவர் தனியே நெருங்காமல் பெரியவரை அழைத்தல் வேண்டும். கடித்துவிட்டாலோ நகத்தால் கீறிவிட்டாலோ, அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் அளித்த தடுப்பூசியின் வழிவந்த மருந்தே இன்றும் நம்மைக் காக்கிறது.

தமிழில் 'நாய்', கன்னடத்தில் 'நாயி'. எம்மொழியிலும் தன் வலியை அது சொல்லாது. நாம்தான் பார்த்து அறிய வேண்டும்.

பயிற்சி
1. அழுத்திய துணியை அடிக்கடி எடுத்துப் பார்க்கலாகாது. ஏன்?
2. பெட்டியில் வைக்கக் கூடாதது எது? காரணம் தருக.
3. உம் வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டு ஒரு பெட்டி அமைத்து, அதன் பட்டியலைத் தமிழில் எழுதுக.