பன்னாட்டுக் கருத்தரங்க அழைப்பு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த சில மாதங்களிலேயே அந்த மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். இன்னும் முதல் இயலைக்கூட எழுதி முடிக்காத மாணவரை "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று விளித்திருப்பார்கள். கலை, வடிவமைப்பு, சமூக அறிவியல், கல்வி, மேலாண்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பன்னாட்டு மாநாடு. இடம் பாங்காக் அல்லது துபாய். ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கடைசி நாளைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நேரில் வர இயலாதவர் இணையவழியில் கலந்துகொள்ளலாம், சான்றிதழ் உறுதி. கீழே பதிவுக் கட்டணமும் வங்கிக் கணக்கு எண்ணும்.

இப்படி வரும் அழைப்புகள் எல்லாமே மோசடி இல்லை. பல துறைகளைச் சேர்த்து நடத்துவதும் குற்றமில்லை. வடிவமைப்பு ஆய்வுக்குச் சமூக அறிவியலின் துணை தேவைதான். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய, கருத்தரங்கம் எதற்காக நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1966-இல் லண்டனில் தொடங்கப்பட்ட வடிவமைப்பு ஆராய்ச்சிச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாண்டுக்கு ஒரு முறை மாநாடு கூட்டுகிறது. 2022-இல் ஸ்பெயினின் பில்பாவோ, 2024-இல் அமெரிக்காவின் பாஸ்டன். பல மாதங்களுக்கு முன்பே கட்டுரை கேட்பார்கள். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, அதே துறையில் உழைப்பவர்களிடம் படிக்கக் கொடுப்பார்கள். படித்தவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. குறைகள் பட்டியலாகத் திரும்பி வரும். திருத்தி அனுப்ப வேண்டும், நிராகரித்தாலும் ஏற்க வேண்டும். தேறிய கட்டுரைகளை யாரும் பணம் கட்டாமல் இணையத்தில் படிக்கலாம். நம் பக்கத்திலும் இத்தகைய அரங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2006-இல் தொடங்கிய வடிவமைப்பு ஆராய்ச்சி மாநாடு, 2013-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்தது.

கட்டுரை தேறுவது பாதி வேலைதான். மீதிப் பாதி அரங்கில் நடக்கிறது. காஞ்சிபுரத்தில், தறியில் டிசைனை இயக்கும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை வந்தபிறகு பட்டுப்புடவை வடிவங்கள் எப்படி மாறின என்று ஒரு மாணவி கட்டுரை வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். இருபது நிமிடம் படம் காட்டிப் பேசுகிறார். அமர்வுத் தலைவர் கேள்விகளுக்கு நேரம் விடுகிறார். பின்வரிசையில் இருந்து ஒரு பொருளியல் ஆய்வாளர் கேட்கிறார்: "அந்த அட்டையை யார் காசு போட்டு அடிக்கிறார்கள்? நெசவாளரா, முதலாளியா, கூட்டுறவுச் சங்கமா? தறியை விட்டு விலகினால் டிசைன் யாரிடம் தங்கும்?" மாணவி அதுவரை வடிவத்தை மட்டுமே பார்த்திருந்தார். உடைமை என்பது அவர் ஆய்வில் இல்லவே இல்லை. ஊர் திரும்பியதும் அவர் மறுபடி தறிக்கூடங்களுக்குப் போயாக வேண்டும். ஆய்வேட்டில் புதிதாக ஓர் இயல் சேரும். கலைத்துறைக்காரரும் சமூக அறிவியலாரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவதால் கிடைக்கும் பலன் இதுதான். தேநீர் இடைவேளையில் அதே ஆய்வாளர் தேடி வந்து பேசினால் அது இன்னும் பெரிய பலன்.

இடைவேளைப் பேச்சுக்குத் தமிழ் உலகமே கடன்பட்டிருக்கிறது. 1964 ஜனவரியில் புது தில்லியில் அனைத்துலகக் கீழைத்தேயவியல் மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழ், திராவிட மொழி ஆய்வாளர்களைத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் தனியே கூட்டினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அங்கே பிறந்தது. பிரான்ஸின் ழான் ஃபிலியோசா தலைவரானார். அடிகளும் செக் நாட்டின் கமில் சுவலபில்லும் செயலாளர்களானார்கள். இரண்டே ஆண்டில், 1966 ஏப்ரலில், கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. அதில் வாசித்த கட்டுரைகள் பின்னர் இரண்டு தொகுதிகளாக அச்சேறின. தில்லி மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு சந்திப்பு செய்த வேலை இது.

இவ்வளவு பயனுள்ள ஓர் ஏற்பாடு எப்படிச் சீர்கெட்டது? விதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மாணவர் ஓர் ஆய்விதழ்க் கட்டுரை வெளியிட்டு, இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரமாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கு 2018 விதி மதிப்பெண் வைத்தது: வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டு அரங்கில் வாசித்தால் 7, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டு அரங்குக்கு 5, தேசிய அரங்குக்கு 3. தேசியக் கருத்தரங்கின் பதாகையில் "பன்னாட்டு" என்று சேர்த்தால் இரண்டு மதிப்பெண் கூடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை அரை மணி நேரம் ஜூமில் பேசவைத்துவிட்டுப் பதாகையை மாற்றிக்கொள்கிறார்கள். சான்றிதழைக் கேட்டார்கள், சான்றிதழ் கிடைத்தது. ஆய்வைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வேதனை. மாணவருக்கான கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கிவிட்டன. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

இந்தத் தேவையை வைத்து உலக அளவில் பெரும் வணிகமே நடக்கிறது. 2016-இல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பார்ட்னெக்கிற்கு அணு இயற்பியல் மாநாடு ஒன்றின் அழைப்பு வந்தது. அவருக்கு அந்தத் துறையில் பயிற்சி இல்லை. ஐபோனில் "அணு" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டிவிட்டு, அடுத்தடுத்து கருவி பரிந்துரைத்த சொற்களையே அழுத்திக்கொண்டு போனார். பொருளே இல்லாத அந்தச் சுருக்கத்தைப் பொய்ப்பெயரில் அனுப்ப, மூன்று மணி நேரத்தில் ஏற்புக் கடிதம் வந்தது. அட்லாண்டாவில் வந்து பேசலாம், கட்டணம் 1,099 டாலர்.

அந்த மாநாடு ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. கட்டுரைகளை முறையாக மதிப்பிடாமலே மதிப்பிட்டதாகச் சொன்னது, சம்மதம் இல்லாமலே அறிஞர்கள் பெயரைப் போட்டு மாநாட்டுக்கு விளம்பரம் செய்தது ஆகிய குற்றச்சாட்டுகளுடன் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2019-இல் நெவாடா மத்திய நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தத் தீர்ப்பளித்தது.

இத்தகைய அப்பட்டமான ஏமாற்றை எளிதில் கண்டுகொள்ளலாம். நடுவில் நிற்பவைதான் கடினம். கல்லூரி உண்மையானது, நடத்துபவர் நல்லவர், அரங்கமும் நடக்கிறது. ஆனால் பணம் கட்டிய எல்லாருடைய கட்டுரையும் தொடக்க விழாவன்றே நூலாக வெளியாகிவிடுகிறது. தலையணை பருமனில் இருக்கும் அந்த நூலில் ஐ.எஸ்.பி.என். எண் அச்சாகியிருக்கும். மாணவர்கள் பலர் அதைத் தரச் சான்றாக நம்புகிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. இந்தியாவில் பதிப்பாளர்களுக்கு அரசு நிறுவனம் கட்டணமில்லாமல் தருகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. ஒரே நேரத்தில் ஆறு அறைகளில் அமர்வுகள், ஆளுக்கு ஐந்து நிமிடம், வாசித்தவர் சான்றிதழ் வாங்கியதும் கிளம்பிவிடுகிறார். கேள்வி கேட்க அறையில் ஆளில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் சில வேலைகளைச் செய்துவிடுங்கள். அழைப்பில் குழு உறுப்பினராகப் போட்டிருக்கும் ஒருவரைத் தேர்ந்து, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து முகவரி எடுத்து, நேரே எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சென்ற மாநாட்டுக் கட்டுரைகள் எங்கே என்று தேடி, உங்கள் துறையில் இரண்டைப் படியுங்கள். ஸ்கோபஸ் ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் வரும் என்று சொன்னால், சென்ற ஆண்டுக் கட்டுரைகள் அதில் இருக்கின்றனவா என்று நூலகரோடு உட்கார்ந்து பாருங்கள். வரப்போகும் கட்டுரைக்கு யாரும் முன்கூட்டியே உறுதி தர முடியாது. மதிப்பீட்டாளர் குறிப்பு ஒரு வரிகூட இல்லாமல் ஏற்புக் கடிதம் வந்தால் அங்கே கட்டுரையை யாரும் படிக்கவில்லை.

நல்ல அரங்குகள் மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. சில, பயணச் செலவுக்கும் உதவுகின்றன. சமூக அறிவியல் ஆய்வாளர்கள் வெளிநாட்டில் கட்டுரை வாசிக்க இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) நிதி தருகிறது. அதற்கு விண்ணப்பித்து முடிவு வர நாளாகும் என்பதால், கட்டுரை கேட்கும் அறிவிப்பு வெளியானதுமே நெறியாளரிடம் பேசி வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.