சித்தப்பா வீட்டு ஷட்டரும் சுவர் மோட்டாரும்

படவேடு போயிருக்கிறீர்களா? ஜவ்வாது மலை அடிவாரம். ரேணுகாம்பாள் கோயில், கண்ணுக்கெட்டின வரை வாழைத் தோட்டம், மேலே போனால் செண்பகத்தோப்பு அணை. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். கோட்டை, கொத்தளம் எல்லாம் இருந்த ஊர். கோட்டைக் கதவைத் திறக்க யானை பலம் வேண்டும் என்பார்கள். எங்கள் சித்தப்பா வீட்டு கார் ஷெட் ஷட்டருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்!

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி சித்திக்கு மூச்சுத் திணறல். போளூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சித்தப்பா ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கியிருக்கிறார். முழங்கால் உயரம் வந்தது. அதற்கு மேல் தோள்பட்டை 'முடியாது சாமி' என்று சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பித் தூக்க வைத்து... கால் மணி நேரம் போச்சு. சித்தி பிழைத்தது புண்ணியம்.

மறுநாளே எனக்கு போன். "பி.காம் படிச்சவன்தானே நீ? நல்ல மோட்டாரா ஒண்ணு பாத்து சொல்லுப்பா."

பி.காமுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் எல்.ஐ.சி. பாலிசி முதல் மாப்பிள்ளை வரை பி.காம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் எடை. ஷட்டர் 10 அடி அகலம், 8 அடி உயரம். 80 சதுர அடி என்றால் ஏழரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சதுர மீட்டருக்கு 12 கிலோ என்று வைத்தாலும் தகடு மட்டும் 90 கிலோ! புதிதாக இருக்கும்போது மேலே சுருளுக்குள் இருக்கிற ஸ்பிரிங் பாதிச் சுமைக்கு மேல் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்குக்கும் வயசானால் மீதி எல்லாம் நம் தோள் மேல்.

அமெரிக்காவில் கராஜ் கதவு தண்டவாளத்தில் ஏறி விட்டத்துக்குக் கீழே படுத்துக்கொள்ளும். சுவரில் மாட்டுகிற மோட்டார் பக்கவாட்டில் உட்கார்ந்து கதவின் தண்டைச் சுழற்றும். தலைக்கு மேலே இடம் மிச்சம். நம் ஊரில் கதவு சுருளுகிற ஜாதி. ஆனாலும் இதே சங்கதி இங்கேயும் உண்டு. கடைக்காரர் மூன்று ரகம் காட்டினார்.

குழாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும் மோட்டார் ஒன்று. பார்க்க அழகு. கெட்டுப்போனால் குழாயையே கழற்ற வேண்டும். தண்டின் நடுவில் மாட்டுவது இரண்டாவது. பழைய ஸ்பிரிங் ஷட்டரிலேயே பொருத்திவிடலாம், செலவு கம்மி. மூன்றாவது, ஓரமாகச் சுவரில் பிராக்கெட் அடித்து மாட்டுவது. சைக்கிள் மாதிரி பல் சக்கரமும் செயினும் போட்டுத் தண்டைச் சுழற்றும். இதற்கு ஸ்பிரிங் தண்டை எடுத்துவிட்டு வேறு தண்டு போட வேண்டும். செலவு கூடுதல்.

பி.காம் மூளை நேராக இரண்டாவதில் போய் நின்றது. பேப்பரில் கூட்டிக் கழித்து, "இவ்வளவு மிச்சம் சித்தப்பா!" என்று படவேட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டு வந்த சித்தி ஒரே கேள்விதான் கேட்டார்.

"கரண்டு போனா இன்னாப்பா பண்றது?"

"கயிறை இழுத்தா மோட்டார் பிடி விட்டுடும் சித்தி. அப்புறம் கையாலே தூக்கிக்கலாம்."

"யாரு கையாலே?"

திண்ணையில் நிசப்தம். சித்தப்பா தோளைத் தடவிக்கொண்டார்.

சுவர் மோட்டாரின் மகிமை அங்கேதான். கூடவே ஒரு கைச்சங்கிலி தொங்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இழுக்கலாம். மெதுவாகத்தான் ஏறும். ஆனால் பல் சக்கரங்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்வதால், தோள் போனவரும் இழுக்கலாம். சரி, அதுவே இருக்கட்டும் என்றேன்.

சித்தி விடவில்லை. "சங்கிலி உள்ளேதானே தொங்கும்? கதவு மூடிக் கெடந்தா நான் எப்படி உள்ளே போறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! ஷெட்டுக்கு வேறு வாசலே கிடையாது. பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டின கதை. கொத்தனாரைக் கூப்பிட்டு, பின்கட்டிலிருந்து ஷெட்டுக்குள் போக இரண்டரை அடியில் ஒரு சின்னக் கதவு வைத்தோம். மோட்டாரை விட இதுதான் முக்கியமான செலவு என்பது என் தாழ்மையான கருத்து.

இன்னும் இரண்டு சமாச்சாரம். பேரக்குழந்தைகள் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஏத்தி இறக்கி விளையாடினால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். ஆறின பிறகுதான் ஓடும். ரிப்பேர் என்று அலற வேண்டாம். ஆனால் கதவு இறங்கும்போது கீழே குழந்தை இருந்தால் என்ன ஆகும்? கீழ்ப்பக்கம் கண் மாதிரி ஒரு சென்சார் வைத்தால், குறுக்கே ஏதாவது வந்ததும் கதவு நிற்கும், அல்லது திரும்ப ஏறும். அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களுக்கு இந்த மாதிரிப் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம். நம் கடைகளில் 'வேணும்னா தனியா வாங்கிக்குங்க சார்' என்கிறார்கள். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆடி வெள்ளிக் கூட்டம் அலைமோதிய ஒரு ராத்திரி. ஊர் முழுக்க இருட்டு. சித்தப்பாவுக்குத் திடீரென்று தலைசுற்றல், வியர்வை. ரிமோட் அவர் சட்டைப் பையில் சும்மா கிடந்தது. சித்தி சின்னக் கதவு வழியாகப் போய், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சங்கிலியை இழுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் வந்து சேர்வதற்குள் ஷட்டர் முழுசாக மேலே!

சித்தப்பா இப்போது சௌக்கியம். வருகிறவர்களிடமெல்லாம் ரிமோட்டை அமுக்கிக் காட்டுகிறார்.

சித்தி மட்டும் என்னிடம் சொன்னார்: "நீ கணக்குப் போட்டு வாங்கினது மோட்டாரு. அவரை ஆஸ்பத்திரி சேத்தது சங்கிலி."